ஸ்கூட்டியா, எக்ஸெல்லா? நமக்கு ஏற்ற வண்டி எது?



முன்பெல்லாம் குழுவில் உள்கடன் கேட்கும்போது, காரணம் என்ற இடத்தில் கறவை மாடு, பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக்கு ஓடு மாற்ற என்றுதான் எழுதுவோம். இப்போது அந்த வரிசையில் ‘வண்டி வாங்க’ என்பதும் சேர்ந்துவிட்டது. திருப்பூர் பக்கத்தில் இது ஆச்சரியம் இல்லை. அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி, குன்னத்தூர், பல்லடம், காங்கேயம் என்று எந்தப் பக்கம் போனாலும் பனியன் கம்பெனி வேலைக்கோ தறி வேலைக்கோ போகாத வீடு குறைவு. 2021 மே மாதத்தில் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது நம்மில் பலருக்குக் கையில் கொஞ்சம் காசு நின்றது. ஆனால் பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து ஊருக்கு இட்டேரியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறவர்களுக்கு அந்த நடைதான் பெரிய பயம்.

ஆக, வண்டி ஆடம்பரம் இல்லை. ஆனால் எந்த வண்டி? நமது கூட்டங்களில் இரண்டு பேர்தான் அடிபடுகின்றன. ஒன்று எக்ஸெல், அதாவது டி.வி.எஸ். எக்ஸெல் 100. இன்னொன்று ‘ஸ்கூட்டி’. ஸ்கூட்டி என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். ஆனாலும் ஆக்டிவா, ஜூபிடர், ஜெஸ்ட் என்று கியர் இல்லாத எல்லா வண்டியையும் நாம் ஸ்கூட்டி என்றே சொல்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

எது நல்ல வண்டி என்று கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டுமே நல்ல வண்டிதான். ‘என் வழிக்கும், என் சுமைக்கும், என் கைக்கும் எது?’ என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மகளிடமோ ஊக்குநரிடமோ சொல்லி எழுதச் சொல்லலாம்.

1. தினமும் எத்தனை கிலோமீட்டர் போகிறேன்? அதில் மண் பாதை எவ்வளவு, தார் ரோடு எவ்வளவு, பைபாஸ் எவ்வளவு?
2. வண்டியில் எதை ஏற்றுவேன்? துணிக் கட்டா, பால் கேனா, தீவன மூட்டையா, சாப்பாட்டுப் பை மட்டுமா?
3. பின்னால் யாராவது உட்காருவார்களா? தினமுமா, எப்போதாவதா?
4. ஓட்டப் போவது யார்?

நான்காவது கேள்வியைப் பார்த்து ‘இதென்ன கேள்வி?’ என்று சிரிக்க வேண்டாம். கடைசியில் அதற்குத்தான் வருவோம்.

எக்ஸெல்: சுமைக்குப் பிறந்த வண்டி

இந்த வண்டியின் தாய் டி.வி.எஸ். 50. 1980-ல் ஓசூரில் இருந்து வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் என்பதால் அன்றைக்குப் பெரிய புதுமை. இன்றும் கிராமத்தில் பெரியவர்கள் எக்ஸெல்லைப் பார்த்து ‘டி.வி.எஸ். பிப்டி’ என்றுதான் சொல்வார்கள். எக்ஸெல் 100 வந்தது 2015-ல். எஞ்சின் 99.7 சி.சி. கியர் கிடையாது, திருகினால் போகும்.

இதன் சக்கரம் 16 இஞ்ச். ஸ்கூட்டியின் சக்கரம் 10 அல்லது 12 இஞ்ச். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் இட்டேரியில் இதுதான் பெரிது. மாட்டு வண்டிச் சக்கரத்தை ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்? பெரிய சக்கரம் குழியின் மேலே உருண்டு போகும். சின்னச் சக்கரம் குழிக்குள்ளே இறங்கி ஏறும். மழைக்காலத்தில் சேறும், வெயில் காலத்தில் புழுதியும் கல்லும் கிடக்கிற பாதையில் பெரிய சக்கரம்தான் கையை ஆட்டாமல் கொண்டு போகும்.

முன்னால் கால் வைக்கும் இடம் திறந்து கிடப்பதால் மூட்டை வைக்கலாம். பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துணிக் கட்டு ஏற்றலாம். வண்டியின் எடை 90 கிலோவுக்குள். அதனால் ஸ்டாண்டு போட, தள்ள, திருப்ப, சிரமம் குறைவு. விலையும் ஸ்கூட்டியை விடக் குறைவு.

குறை இல்லையா? இருக்கிறது. இதன் இழுவை ஸ்கூட்டியின் இழுவையில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. சுமையோடு மேடு ஏறும்போது மெதுவாகத்தான் போகும். அவிநாசி, பெருமாநல்லூர் வழியாகப் போகும் சேலம்–கோவை பைபாஸில் லாரிகளுக்கு நடுவே சட்டென்று வேகம் எடுக்க முடியாது. சீட்டுக்கு அடியில் பூட்டி வைக்க டிக்கி இல்லை. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்கூட்டி: தார் ரோட்டுக்கு ஏற்ற வண்டி

ஸ்கூட்டியில் பெரும்பாலும் 110 சி.சி. எஞ்சின். இழுவை அதிகம். பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பாலம் ஏறினாலும் திணறாது. சீட்டு அகலம், ஒரு மணி நேரம் ஓட்டினாலும் முதுகு அவ்வளவு வலிக்காது. பெரும்பாலான ஸ்கூட்டிகளில் ட்யூப் இல்லாத டயர். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ராத்திரி நேரத்தில் பக்கத்து ஊர் வரைக்கும் வந்து சேர முடியும்.

இன்னொரு வசதி, டிக்கி. குழுவின் சேமிப்புப் பணத்தையும் தவணைப் பணத்தையும் பேங்க்குக்குக் கொண்டு போகிற பிரதிநிதிகளுக்கு இதன் அருமை தெரியும். பணத்தையும் பாஸ்புக்கையும் தீர்மான நோட்டையும் மஞ்சள் பையில் போட்டு ஹேண்டிலில் தொங்கவிடுவதை விட, டிக்கியில் வைத்துப் பூட்டுவது நல்லது.

குறை என்ன? வண்டி எடை 100 கிலோவைத் தாண்டும். சக்கரம் சின்னது என்பதால் மணலிலும் சேற்றிலும் வழுக்கும். உள்ளே செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை, ஆனால் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதற்கு ஷோரூம் அல்லது நல்ல மெக்கானிக் வேண்டும். எக்ஸெல்லுக்கு உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரே பாதி வேலை பார்த்துவிடுவார்.

பெட்ரோல் எவ்வளவு வித்தியாசம்? ஒரு கணக்குப் போடுவோம். தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். எக்ஸெல் லிட்டருக்கு 55-ம், ஸ்கூட்டி 45-ம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எக்ஸெல்லுக்குச் சுமார் 14 லிட்டர், ஸ்கூட்டிக்குச் சுமார் 17 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய் வித்தியாசம். ‘லிட்டருக்கு இத்தனை ஓடும்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது நம் ரோட்டில், நம் சுமையில் கிடைக்காது. ஏற்கெனவே ஓட்டுகிறவரிடம் கேட்டு, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

யாருக்கு எது?

* வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறவர், மடித்துக் கட்டுகிறவர், கம்பெனியில் இருந்து துணிக் கட்டு வாங்கி வந்து தைத்துக் கொடுக்கிறவர்: தூரம் குறைவு, சுமை அதிகம். இவருக்கு எக்ஸெல்.
* தோட்டத்தில் குடியிருந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், சந்தைக்குக் காய் கொண்டு போகிறவர்: எக்ஸெல்.
* 15, 20 கிலோமீட்டர் தார் ரோட்டில் டெய்லர் வேலைக்கோ செக்கிங் வேலைக்கோ போகிறவர், மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகிறவர்: ஸ்கூட்டி.
* தினமும் பைபாஸைக் கடந்து போகிறவர்: ஸ்கூட்டி.
* இரண்டும் கலந்து இருக்கிறவர்: எந்தப் பாதையில் அதிகம் பயப்படுகிறாரோ அந்தப் பாதைக்கு ஏற்ற வண்டி. இட்டேரி பயம் என்றால் எக்ஸெல், லாரி பயம் என்றால் ஸ்கூட்டி.

ஒரு எச்சரிக்கை. எந்த வண்டியானாலும் அது தாங்கும் எடை என்று ஒன்று உண்டு. ஷோரூமில் கேட்டால் சொல்வார்கள். அந்த எடையில் ஓட்டுகிறவரின் எடையும் சேர்த்தி. ‘எக்ஸெல் எல்லாம் தாங்குமுங்க’ என்று சொல்லி மூட்டை மேல் மூட்டை அடுக்கினால் பிரேக் பிடிக்காது.

‘அது ஆம்பளைக வண்டிங்க!’

இதைப் பல குழுக்களில் கேட்கிறோம். ‘எக்ஸெல்லா? அது பால்காரர் வண்டிங்க. பொம்பளை ஓட்டினா நல்லாவா இருக்கும்?’ இதற்காகவே வழிக்கு ஒத்துவராத ஸ்கூட்டியை 20, 30 ஆயிரம் கூடக் கொடுத்து வாங்கி, மழை பெய்தால் மெயின் ரோட்டில் யாராவது கடையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனால் நடுவில் கம்பி உள்ள ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு பலர் அதையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! ஊர் என்ன பேர் வைத்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. தங்களுக்கு எது உதவும் என்று பார்த்தார்கள். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கடனை எங்கே வாங்குவது?

முதலில், ஷோரூம் விலை வேறு, வண்டி ரோட்டில் இறங்கும்போது ஆகும் விலை வேறு. சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேரும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரையிலான புது இரு சக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி விலையில் 10 சதவீதம் என்று ஆனது. எனவே ‘ஆன் ரோடு’ விலையை எழுதி வாங்குங்கள். தேவையில்லாத கார்டு, கவர், பாலிஷ் என்று சேர்த்திருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வட்டி. பைனான்ஸில் ‘12 பர்சென்ட்தாங்க, உங்க குழுவிலும் அதேதானே’ என்பார்கள். அதே 12 இல்லை! பாருங்கள்:

60,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை.

* ‘பிளாட்’ வட்டி 12 சதவீதம்: நாம் அசலைக் கட்டக் கட்டவும் வட்டி முழு 60,000-க்கே ஓடும். இரண்டு வருட வட்டி 14,400 ரூபாய். மாதத் தவணை 3,100.
* குறைந்து வரும் வட்டி 12 சதவீதம், அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்: மீதி நிற்கிற அசலுக்கு மட்டுமே வட்டி. மொத்த வட்டி சுமார் 7,800 ரூபாய். மாதத் தவணை சுமார் 2,825.

வித்தியாசம் 6,600 ரூபாய். இது தவிர பைல் சார்ஜ், தவணை தவறினால் அபராதம் எல்லாம் உண்டு. ஆகவே ‘பிளாட்டா, குறைந்து வருமா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தார்கள். அது சில ஆண்டுகள் நடந்த திட்டம். ‘அந்த மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

வண்டி யார் பெயரில்?

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். ஓட்டப் போவது யார்?

கடன் மனைவி பெயரில். தவணை கட்டுவது மனைவி. ஷோரூமில் வண்டியைத் தேர்ந்தெடுப்பது கணவர். ஆர்.சி. புத்தகம் கணவர் பெயரில். சாவி கணவர் சட்டைப் பையில். மனைவி பழையபடி பஸ் ஸ்டாப்பில்! இது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. ஆனால் பல வீட்டில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஒரு வண்டி என்று இருவரும் பேசி முடிவெடுத்தால் அது நல்லதுதான். ஆனால் குழுக் கடன் விண்ணப்பத்தில் ‘நான் வேலைக்குப் போக’ என்று எழுதியிருந்தால், வண்டி அதற்குத்தான் ஓட வேண்டும்.

ஆர்.சி. பெயர் வெறும் கௌரவம் இல்லை. அதில் பாதுகாப்பும் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

புது வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், நம் வண்டியால் அடிபட்ட மற்றவர்களுக்கு. ஓட்டுகிற நமக்கு அதில் ஒன்றும் வராது. நமக்கு உள்ளது தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018-ல் அதன் தொகையை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். இந்தக் காப்பீடு யாருக்கு? ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு. அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்து, அவரே ஓட்டினால். ஆர்.சி. கணவர் பெயரில் இருந்து, தினமும் மனைவி ஓட்டினால், விபத்து நடக்கிற அன்று அந்த 15 லட்சம் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ கிடைக்காது.

ஆகவே, யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர் பெயரில் வண்டி இருக்கட்டும். இருவரும் ஓட்டுகிற வீடாக இருந்தால், இன்னொருவருக்கும் சேர்த்து விபத்துக் காப்பீடு எடுக்க வழி உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள்.

பைனான்ஸில் வாங்கினால் ஆர்.சி.யில் ‘ஹெச்.பி.’ என்று கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து அதை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விற்க முடியாது.

லைசென்ஸ், ஹெல்மெட், சேலை

‘எக்ஸெல்லுக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்று ஊரில் பேச்சு. தவறு. எக்ஸெல் 100-க்கும் ஸ்கூட்டிக்கும் லைசென்ஸ் கட்டாயம்; 18 வயது முடிந்திருக்க வேண்டும். முதலில் எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தால் போதும். வண்டி வாங்கும் முன்பே லைசென்ஸ் எடுப்பது நல்லது. குழுவில் ஐந்தாறு பேர் சேர்ந்து பழகினால் வெட்கமும் போகும்.

பள்ளிக்கூடம் படிக்கிற மகனிடம் ‘கடைக்குப் போயிட்டு வா’ என்று சாவி கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் போட்டு, கழுத்துப் பட்டையை மாட்டுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும். முந்தானையைச் சுற்றி இடுப்பில் சொருகுங்கள், துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். பின் சக்கரத்துக்கு சேலை கார்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழுத்தில் சுற்றிய துணி சக்கரத்தில் மாட்டினால் ஒரு நொடி போதும்.

வாங்கும் நாளில்

ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சேலை கட்டுகிறவர் சேலையோடேயே போய் ஓட்டிப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா? நீங்களே ஸ்டாண்டு போட, எடுக்க முடிகிறதா? நிறுத்திய வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்ப முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ‘முடியும்’ என்று வந்த பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் எத்தனை பேருக்கு வண்டி ஓட்டத் தெரியும்? எத்தனை பேருக்கு லைசென்ஸ் உண்டு?
* நம் குழுக் கடனில் வாங்கிய வண்டிகள் இப்போது யார் பெயரில் இருக்கின்றன? யார் ஓட்டுகிறார்கள்?
* வண்டிக் கடன் கேட்கும் உறுப்பினர் தன் பெயரில் லைசென்ஸும், தன் பெயரில் ஆர்.சி.யும் வைக்க வேண்டும் என்று நம் குழுவில் தீர்மானம் போடலாமா?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழுவில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவும் சேர்ந்து பேசி ஒரே மாதிரி விதி வைத்துக்கொண்டால், ஷோரூமில் ‘யார் பெயரில் போடலாம்?’ என்று கேட்கும்போது நம் உறுப்பினர் தயங்காமல் தன் பெயரைச் சொல்வார்.